காரணம் காட்டும் பொறி

வல்லுநர் அறிவை விதிகளாக வகுத்துக் கணிப்பொறியில் அமைத்து, முடிவெடுப்பார்க்குத் துணையாக்குவதே அறிவுத்தள அமைப்பாகும். அதன் இயல்பை மைசின் என்பதன்வழி ஈண்டு விளக்குவாம்.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் முதலியோர் இதனை உருவாக்கினர். குருதியிலும் மூளையுறையிலும் தொற்றும் நுண்ணுயிரிகளை உய்த்துணர்ந்து மருந்து பரிந்துரைத்தல் இதன் பணி. ‘இன்னவை உளவாயின் இன்னது ஆகும்’ என்னும் வடிவில் ஏறத்தாழ 600 விதிகள் இதன்கண் அமைந்தன. மருத்துவ அறிவு ஐயத்தொடு கூடியது. ஆதலின் விதிதோறும் உறுதியின் அளவு ஓர் எண்ணாற் குறிக்கப்பெற்றது. விதிகள் வேறாகவும் அவற்றை இயைத்து முடிவு காணும் முறை வேறாகவும் நின்றன. அதனால், மருத்துவ விதிகளை நீக்கி எஞ்சிய முறையைக் கொண்டு கட்டமைப்புப் பொறியியலுக்கும் புதிய அமைப்புச் செய்தல் இயன்றது.

‘இதனை வினவுவது ஏன்?’ என்று மருத்துவர் கேட்பின், தான் ஆராயும் விதியை அது எடுத்துக்காட்டும். 1979இல் வெளியான மதிப்பீட்டில், மூளையுறை அழற்சிக்கு அது கூறிய மருந்துகள் வல்லுநர் கூற்றினும் தாழாதனவாகக் கணிக்கப்பெற்றன. எனினும் அது நடைமுறைக்கு வரவில்லை. பிழை நேரின் பொறுப்பு யாருடையது என்னும் வினாவும், செய்திகளை ஒவ்வொன்றாக உள்ளிடும் இடர்ப்பாடும் தடையாயின.

இன்று தரவுகளிலிருந்து தாமே கற்கும் பொறிகள் விடையை விரைந்து தருகின்றன. அவ்விடையின் காரணத்தைத் தெளிதலோ அரிதாகின்றது. உயிர் பற்றிய முடிவில், ‘ஏன்’ என்று கேட்கும் உரிமையை நாம் நெகிழவிடுதல் தகாது என்பதே எம் துணிபு.