வட்டம் போடுங்கள்... மனசு பேசும்!

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "ஏதோ போயிட்டிருக்கு" என்பதுதான் நம்மவர்களின் வழக்கமான பதில். நாடி பிடித்தால் உடம்பு பேசிவிடும். 'வாழ்க்கை திருப்தியா இருக்கா?' என்ற கேள்விக்கு மட்டும் வாய் உண்மையைச் சொல்லாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு வெள்ளைத்தாளும் கலர் பென்சில் டப்பாவும்!

"எனக்குக் கோடுகூட நேராப் போட வராதே டாக்டர்" என்பார்கள். வராவிட்டால் நல்லதுதான். வரையத் தெரிந்தவர்கள் அழகு பார்ப்பதிலேயே நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள்.

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் கோடு போடுங்கள். வட்டத்தை கேக் வெட்டுகிற மாதிரி எட்டாகப் பிரியுங்கள். உடம்பு, தூக்கம், இல்லறம், பிள்ளைகள், வேலை, பணம், சிநேகிதம், 'எனக்கே எனக்கு' என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். எதில் எவ்வளவு திருப்தியோ அந்த அளவுக்கு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலர் அடியுங்கள். முழுத் திருப்தி என்றால் ஓரம்வரை. பத்து நிமிஷம் போதும். மேல்நாட்டில் இதை 'வாழ்க்கைச் சக்கரம்' என்கிறார்கள்.

நாற்பத்தைந்து வயது அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். ஆறு மாதமாகத் தலைவலி, பசியில்லை, தூக்கமில்லை. ரத்தப் பரிசோதனை, பிரஷர், கண் எல்லாம் சரியாகவே இருந்தன. "எனக்கென்ன குறை டாக்டர்? வீட்டுக்காரர் தங்கமானவர். பையன் வேலைக்குப் போறான்" என்றார். வட்டம் போடச் சொன்னேன். ஏழு துண்டுகளில் கலர் இருந்தது. 'எனக்கே எனக்கு' மட்டும் வெள்ளை!

"இதை ஏன் விட்டுட்டீங்க?"

"அதுக்கு என்ன கலர் அடிக்கிறதுன்னே தெரியலை டாக்டர்..." என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு எம்பிராய்டரி போடுவாராம். இருபத்திரண்டு வருஷமாக ஊசியைத் தொட்டதில்லை.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் அதற்கென ஒதுக்கச் சொன்னேன். தலைவலி மாயமாக மறைந்துவிடவில்லை. வாரத்துக்கு நாலு நாள் வந்தது ஒரு நாளாகக் குறைந்தது. கூடவே மருந்தும் கொடுத்ததால், எதனால் குறைந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தூங்குகிறார்.

இது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் கார்ல் யுங், 1918-19ல் போர்க்கால முகாம் ஒன்றின் அதிகாரியாக இருந்தபோது, தினமும் காலையில் நோட்டில் ஒரு சின்ன வட்டச் சித்திரம் போட்டார். எரிச்சலூட்டும் ஒரு கடிதம் வந்த மறுநாள் பார்த்தால், வட்டத்தின் விளிம்பே உடைந்திருந்ததாம்! 2016ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் 39 பேரை 45 நிமிடம் வரைய, ஒட்ட, களிமண் பிசைய விட்டு எச்சிலைச் சோதித்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் சுரப்பு குறைந்திருந்தது. கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் கவனிக்கத்தக்கது.

ஒரு எச்சரிக்கை. சித்த மருத்துவத்தில் நெய்க்குறி என்றொரு சோதனை உண்டு. நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவோம். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம். வடிவத்துக்கு அர்த்தம் உண்டு. மனசு வரைகிற படத்தை அப்படி வாசிக்க முடியாது. 'கறுப்பு அடித்தால் சோகம், மரத்துக்கு வேர் இல்லாவிட்டால் பயம்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அர்த்தம் சொல்லும் உரிமை வரைந்தவருக்கு மட்டுமே. பக்கத்தில் இருப்பவர் கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. மாமியார், நாத்தனாருக்குக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை!

வட்டம் முழுக்க வெறுமையாக இருக்கிறது, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, 'இருந்து என்ன' என்ற நினைப்பு வருகிறது என்றால், பென்சிலையும் என் கஷாயத்தையும் மட்டும் நம்பி உட்காராதீர்கள். உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. ராத்திரியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

மற்றவர்கள், தாளின் பின்பக்கம் தேதி போட்டு, மிகவும் வெளிறிய துண்டுக்காக இந்த வாரம் செய்யப்போகிற ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். பீரோவில் துணிக்கடியில் வையுங்கள். மாதம் கழித்துப் பழையதைப் பார்க்காமலே அடுத்த வட்டத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.