உச்சிக் குரலுக்கு மாற்று ஆள்

1965 ஏப்ரலில் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவின் மைக் லவ், லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ப்ரூஸ் ஜான்ஸ்டனைத் தொடர்பு கொண்டார். ஜான்ஸ்டன் இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர். மேடையில் உச்சக் குரல் பாட அவசரமாக ஒருவர் தேவை, யாரையாவது பிடித்துத் தர முடியுமா என்பதுதான் விஷயம். ஜான்ஸ்டன் தேடிப் பார்த்தார், யாரும் அமையவில்லை. கடைசியில் தானே கிளம்பிப் போய் ஏப்ரல் 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் மேடையேறினார். பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரியாது; போன இடத்தில் கற்றுக்கொண்டார். ஒப்புக்கு வந்தவர், இடையில் சில ஆண்டுகள் தவிர, பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்.

லாஸ் ஏஞ்சலிஸில் பாடகர்களுக்கா பஞ்சம்? அப்படியிருந்தும் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் போனது ஏன் என்று பார்த்தால், விடை ஆணின் தொண்டையிலும் கேட்பவரின் காதிலும் பாதிப் பாதியாகக் கிடக்கிறது.

ஜான்ஸ்டன் நிரப்பிய இடம் ப்ரையன் வில்சனுடையது. கலிஃபோர்னியாவின் ஹாதோர்ன் ஊரில் ப்ரையன், டென்னிஸ், கார்ல் என்ற மூன்று சகோதரர்களும், அவர்களுடைய உறவுக்காரர் மைக் லவ்வும், நண்பர் ஆல் ஜார்டினும் 1961இல் தொடங்கிய குழு பீச் பாய்ஸ். பாட்டெழுதி, மெட்டமைத்து, யார் எந்தச் சுரத்தில் நிற்பது என்று பிரித்துக் கொடுத்து, பதிவுக்கூடத்தில் மேற்பார்வையும் பார்த்தவர் ப்ரையன். போதாததற்கு எல்லாருக்கும் மேலே மிதக்கும் அந்த மெல்லிய குரலும் அவருடையதே. 1964 டிசம்பர் 23 அன்று ஹூஸ்டனுக்குப் போகும் விமானத்தில் அவர் மனம் உடைந்து அழுதுவிட்டார். வயது 22. அதற்குப் பிறகு, இனி ஊர் ஊராகப் பாடப் போவதில்லை, வீட்டிலிருந்து பாட்டு மட்டும் செய்கிறேன் என்று குழுவிடம் சொல்லிவிட்டார். உடனடியாக அந்த இடத்தில் நின்றவர் க்ளென் கேம்ப்பெல். பின்னாளில் பெரும் நட்சத்திரமான அவர் அப்போது பதிவுக்கூடங்களில் கூலிக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். பீச் பாய்ஸ் இசைத்தட்டுகளிலும் வாசித்திருந்ததால் பாட்டுகள் கைவசம் இருந்தன. சில மாதங்கள் சமாளித்துவிட்டுத் தன் வழியே போனார். அதன் பிறகுதான் ஜான்ஸ்டன்.

ஃபால்செட்டோ என்று மேற்கில் சொல்வதை நம் சங்கீதக்காரர்கள் கள்ளக்குரல் என்பார்கள். நம் கச்சேரியில் அது குறையாகப் பார்க்கப்படுவது. அங்கே அதை வைத்தே ஒரு குழு கோபுரம் கட்டியிருக்கிறது. தொண்டைக்குள் நடப்பது இதுதான். ஆணின் குரல்நாண்கள் இரண்டும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள தசை மடிப்புகள். சாதாரணமாகப் பேசும்போது அவை நொடிக்கு 110, 120 முறை மோதிப் பிரிகின்றன. அப்போது தசையின் முழுத் தடிமனும் சேர்ந்து அசைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி நன்றாக மூடிக்கொள்கிறது. சுருதி ஏற ஏறக் குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நாண்களை இழுத்து நீட்டுகின்றன. நொடிக்கு முந்நூறு அதிர்வை ஒட்டிய இடத்தில் பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: முழுத் தசையோடு கத்திக்கொண்டே ஏறுவது, அல்லது உள்தசையைத் தளர்த்திவிட்டு ஓரத்து மெல்லிய விளிம்பை மட்டும் அதிரவிடுவது. இரண்டாவதுதான் கள்ளக்குரல். விளிம்புகள் பெரும்பாலும் முழுதாக மூடுவதில்லை, காற்று கசியும். சத்தம் குறையும், கூர்மை மழுங்கும். ஆனால் நொடிக்கு 500 அதிர்வு என்ற உயரத்தில் அலட்டிக்கொள்ளாமல் உலவலாம்.

அந்த உயரத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது. எந்தக் குரலும் ஒற்றை அதிர்வு அல்ல. 120இல் ஒருவர் பாடினால் 240, 360, 480 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. தொண்டையும் வாயும் அவற்றில் சிலவற்றைத் தூக்கிவிடுகின்றன, சிலவற்றை அமுக்குகின்றன. இன்னாருடைய குரல், இன்ன உயிரெழுத்து என்று நாம் அறிவது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டுதான். 120இல் பாடும்போது 3,000 வரை 25 மடங்குகள் அடங்கும். 520இல் பாடும்போது ஐந்தே ஐந்து. புள்ளிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக் கோலத்தை ஊகிப்பதுபோல, காது அந்த ஐந்தைக் கொண்டு பாடுபவரின் தொண்டையை ஊகிக்க வேண்டும். உச்சத்தில் பாடும்போது சொற்கள் தெளிவிழப்பதற்கும் இதுவே காரணம். இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு கொஞ்சம் தலைகீழாகத் தோன்றலாம்: ரசிகர்கள் எந்தக் குரலை ஈடு இணையற்றது என்று கொண்டாடுகிறார்களோ, ஒலி அளவில் தனி அடையாளம் குறைவாக இருப்பது அந்தக் குரலில்தான். மைக் லவ்வின் மூக்கொலித் தொனிக்கு மாற்று தேடுவது இதைவிடக் கஷ்டம்.

சரி, அப்படியானால் எளிதில் ஆள் கிடைத்திருக்க வேண்டுமே? இங்கேதான் காது குறுக்கே வருகிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் ட்ரெய்னரும் அவருடைய குழுவினரும் நடத்திய சோதனைகள் இவை. இரண்டு மெட்டுகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, அவ்வப்போது மேல் மெட்டிலோ கீழ் மெட்டிலோ ஒரு சுரத்தை மாற்றினார்கள். தலையில் பொருத்திய மின்முனைகள் மூளையின் திடுக்கிடலைப் பதிவு செய்தன. மேல் மெட்டில் மாறிய சுரத்துக்குத்தான் திடுக்கிடல் அதிகம். சில மாதக் கைக்குழந்தைகளிடமும் இதே போக்கு தெரிந்தது. உள்காதிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்: இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கையில், உயர்ந்த சுரத்தின் மடங்குகள் தாழ்ந்ததன் மடங்குகளை மூழ்கடித்துவிடுகின்றன. ஐந்து பேர் பாடினால் நம் காது உச்சியில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. நடுவில் நிற்பவர் கொஞ்சம் பிசகினால் கூட்டத்தோடு கரைந்துபோகும். உச்சியில் இருப்பவர் பிசகினால் ஊருக்கே தெரியும். அடையாளம் மங்கிய ஒரு குரல், பிழையை மறைக்கவே முடியாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கள்ளக்குரல் வைத்திருப்பவர் நிறையப் பேர். அந்த இடத்தில் இரண்டு மணி நேரம், இரவுக்கு இரவு, சுருதி தவறாமல் நிற்பவர் சொற்பம்.

இதோடு 1965இன் மேடை நிலைமையும் சேர்ந்துகொண்டது. பாடுபவருக்குத் தன் குரலைத் திருப்பிக் கேட்பிக்கும் ஒலிபெருக்கிகள் அன்று மேடைகளில் பெரும்பாலும் இல்லை. எதிரே ஆயிரக்கணக்கான பதின்வயதினர் வீறிட்டுக்கொண்டிருப்பார்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இலேயே சொல்லியிருக்கிறார். முழுத் தசையும் அதிரும் மார்புக் குரலுக்கு அது சௌகரியம். விளிம்பில் மட்டும் அதிரும் கள்ளக்குரலை அழுத்தினால் ஒன்று சுருதி ஏறும், அல்லது உடைந்து கீழே விழும். பக்கத்தில் நிற்பவர் 440இலும் இவர் 443இலும் நின்றால் நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். கூட்டுக்குரலில் அந்தத் துடிப்பை எந்த ரசிகனும் பெயர் சொல்லாமலே உணர்வான்.

சுருதியைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா? நம் பாடகர் ஒருவர் தனக்கு ஒத்துவரும் கட்டையில் தம்புராவைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அரைக் கட்டை இறக்கினால் 523இல் இருந்த உச்சம் 494க்கு வரும். மாற்று ஆளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் ஐந்து குரல்களும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. உச்சி இறங்கினால் அடியில் இருப்பவரும் இறங்க வேண்டும். இன்னும் அரைக் கட்டை இறக்கினால் மைக் லவ்வின் கீழ்ச்சுரங்கள் வெறும் முனகலாகிவிடும். நடுக் குரல்களும் தங்கள் இனிமையான பகுதியை விட்டு நகர்ந்துவிடும். ஒருவருக்குச் சட்டையைத் தளர்த்தப் போய் நால்வருக்கும் அது தொளதொளத்துவிடுகிறது.

மாற்று ஆளைக் கூர்ந்து கேட்பவர்கள் கண்டுபிடிப்பது உச்சத்தில் அல்ல, உச்சத்துக்குப் போகும் வழியில். ப்ரையனின் மெட்டுகள் மார்புக் குரலில் தொடங்கி, ஒரே மூச்சில் விளிம்புக்குத் தாவி, திரும்ப இறங்குபவை. தாவும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. இவருக்கு வரியின் நான்காவது சொல்லில் குரல் மாறினால் அவருக்கு மூன்றாவதிலேயே மாறிவிடும். மேலே போனபின் இருவரும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிப்பார்கள். படியேறும் அந்த அரை நொடியில்தான் ஆள் மாறியது அம்பலமாகும்.

இன்னொரு சிக்கலை ப்ரையனே உண்டாக்கி வைத்திருந்தார். பதிவுக்கூடத்தில் அவர் ஒரு வரியைப் பாடுவார். அதன் மேலேயே அதே வரியை இன்னொரு முறை பாடிச் சேர்ப்பார். இரண்டு தடவை பாடியதும் ஒருபோதும் அச்சாக ஒன்றாக இராது. நேரத்தில் மயிரிழை, சுருதியில் மயிரிழை விலகும். அந்த விலகல்தான் கள்ளக்குரலின் மெலிவைப் போக்கிப் பட்டுப்போன்ற தடிமனைத் தருகிறது. ஆக, இசைத்தட்டில் ரசிகர் கேட்டுப் பழகிய ப்ரையன் பல இடங்களில் இரண்டு ப்ரையன்கள். மேடையில் ஒருவரை நிறுத்தி அதை ஈடுகட்டச் சொல்வது நியாயமே இல்லை, ப்ரையனாலேயே முடிந்திருக்காது.

குழு கண்ட வழி, ஒருவருக்குப் பதில் ஒருவர் என்ற கணக்கையே கைவிட்டதுதான். பாட்டுக்குப் பாட்டு உச்சம் கைமாறியது. சிலவற்றை ஜான்ஸ்டன் பாடினார். சிலவற்றைக் கார்லும் ஆல் ஜார்டினும் எடுத்துக்கொண்டார்கள். கூடப் பிறந்தவர் என்பதால் கார்லின் குரலில் ப்ரையனின் சாயல் இருந்தது. ஒரே குடும்பத்துத் தொண்டைகள் ஒத்த வடிவம் கொண்டிருந்தால் அவை தூக்கிவிடும் அதிர்வுகளும் ஒத்துவரும், கலவை தானாகக் கூடும். அதே காலத்தில் வீட்டிலிருந்த ப்ரையன், மேடையில் எப்படிப் பாடுவது என்ற கவலையே இல்லாமல் எழுதத் தொடங்கினார். குழு ஜப்பானில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் ஹாலிவுட்டில் வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். 1966 மே மாதம் வெளியான ‘பெட் சவுண்ட்ஸ்’ அப்படிப் பிறந்தது. மாற்று ஆள் கிடைத்திராவிட்டால் அந்தத் தட்டு வந்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தத் தட்டில் பாடியிருந்தும், வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் ஜான்ஸ்டனின் படம் உறையில் இல்லை.

1970களில் ப்ரையனின் குரலே மாறிவிட்டது. புகையும் போதைப்பொருளும் ஆண்டுக் கணக்கில் நாண்களைத் தாக்கினால் விளிம்பு வீங்கித் தடிக்கும்; தடித்த விளிம்பு மெல்லியதாக அதிர மறுக்கும். கரகரத்தாலும் கீழ்ச்சுரங்கள் மிஞ்சும். முதலில் போவது உச்சம். அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்த தட்டுகளில், பழைய ப்ரையனைத் தேடியவர்களுக்கு முரட்டுத்தனமான வேறொரு குரல் கிடைத்தது. சொந்த இடத்துக்குத் திரும்பிவந்தாலும் இனி அதில் அவரால் உட்கார முடியாது.

1981இல் கார்ல் சிறிது காலம் விலகியபோது ஜெஃப்ரி ஃபாஸ்கெட் என்ற இளம் கிட்டார் கலைஞர் குழுவுக்குள் வந்தார். சிறுவயதிலிருந்து ப்ரையனின் பாட்டுகளிலேயே ஊறியவர். உச்சம் அவரிடம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்துக்காரர் ஏட்ரியன் பேக்கரும் அந்த இடத்தில் வெவ்வேறு காலங்களில் நின்றார். பீச் பாய்ஸ் பாணியை அச்சு அசலாகப் பாடிப் பதிவு செய்தே பெயர் வாங்கியவர் அவர். முதல் மாற்று ஆட்கள் தங்கள் குரலை அந்த இடத்துக்குப் பொருத்திக்கொண்டார்கள். இவர்களோ அந்த இடத்தைக் கேட்டே குரலை வளர்த்தவர்கள். இந்த வித்தியாசம் சிறியதல்ல.

1999இல் ப்ரையன் தன் பெயரில் ஊர் ஊராகப் பாடக் கிளம்பியபோது ஃபாஸ்கெட் அவர் பக்கத்தில் நின்றார். ஒருவரின் கள்ளக்குரலை, அவரே மேடையில் இருக்க, இன்னொருவர் பாடும் ஏற்பாடு. ப்ரையன் கீழே தொடங்குவார். உச்சம் வரும் இடத்தில் ஃபாஸ்கெட் எடுத்துக்கொள்வார். சுற்றிலும் பத்துப் பேர் அளவிலான குழு, பெரும்பாலோர் பாடக்கூடியவர்கள். பதிவுக்கூடத்தில் ஒரே மனிதர் மடித்து மடித்து வைத்த குரல்களை அத்தனை பேர் பிரித்துச் சுமந்தார்கள். 2012இல் ஐம்பதாவது ஆண்டுக்காகப் பழைய உறுப்பினர்கள் ஒன்றுகூடிய பயணத்திலும் உச்சம் ஃபாஸ்கெட்டிடமே இருந்தது.

2014இல் அவர் மைக் லவ் நடத்திய குழுவுக்குப் போய்விட, ப்ரையனுக்கு மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. இம்முறை வெளியில் தேடவில்லை. ஆல் ஜார்டினின் மகன் மேட், 1990களிலேயே பீச் பாய்ஸ் மேடையில் உச்சம் பாடிப் பழகியவர். 1964இல் ப்ரையன் பாடிய ‘டோன்ட் வொரி பேபி’ மேட்டின் கைக்கு வந்தது. 2025 ஜூனில் ப்ரையன் காலமான பிறகு, அவருடன் வாசித்த கலைஞர்கள் பலரையும் சேர்த்துக்கொண்டு ஆல் பயணத்தைத் தொடர்ந்தார். எண்பதைத் தாண்டிய அவர் தன் பகுதியைத் தானே பாடினார். உச்சியில் மேட்.