24 பிட் இசையைக் காது கண்டுபிடிக்குமா?

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் 1973இல் வெளிவந்தது. லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவில் காந்த நாடாவில் பதிவானது. அதன் ஐம்பதாம் ஆண்டான 2023இல் புதிதாக ரீமாஸ்டர் செய்து வெளியிட்டார்கள். புளூ-ரே தட்டில் அது 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். சாதாரண சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். எண் பெரிதானால் இன்பமும் பெரிதாகுமா? லகாட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய் இதற்கென விலையுயர்ந்த கருவி வாங்குமுன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

சிடியில் ஒலி அலையை நொடிக்கு 44,100 முறை அளந்து வைக்கிறார்கள். இடையில் விட்டுப்போன பகுதி தொலைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஓர் அலை எத்தனை முறை அதிர்கிறதோ, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் அந்த அலையை முழுமையாகத் திரும்ப வரையலாம் என்பது கணித விதி. 44.1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். மனிதக் காதின் எல்லை 20. அதுவும் இளம் வயதில். ஐம்பதைத் தொட்டவர்களில் பலருக்கு 15க்கு மேல் ஒன்றும் கேட்காது. 192 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகத் தருவதை வௌவால்தான் ரசிக்க வேண்டும்.

பிட் என்பது வேறு சங்கதி. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதை அது தீர்மானிக்கிறது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். ஆக, 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144 டெசிபல். ஆனால் எழுபதுகளின் நாடாவுக்கே ஓர் இரைச்சல் உண்டு; அதில் கிடைத்த இடைவெளி பெரும்பாலும் 70 டெசிபலை ஒட்டியதுதான். சிறிய குவளைத் தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றினால் தண்ணீர் கூடாது. போதாக்குறைக்கு நம் வீட்டு மின்விசிறி வேறு. தகரக் கூரையில் மழை விழுந்தால், அந்த ஆல்பத்தின் தொடக்கத்தில் மெல்ல எழும் இதயத்துடிப்பு எந்தப் பிட்டிலும் காதில் விழாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மேயர், மோரன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். பல சோதனைகளைத் தொகுத்து ஜோஷுவா ரைஸ் 2016இல் போட்ட கணக்கில் சரியான விடை 52.3 விழுக்காடு. வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மிகச் சிறியது.

பிறகு ஏன் புதிய பதிப்பு பல காதுகளுக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது? அது வேறு மாதிரி இருப்பதால்தான்! ரீமாஸ்டர் செய்பவர் எந்த நாடாவை எடுத்தார், தாழ்சுருதியை எவ்வளவு தூக்கினார், மெல்லிய பகுதிகளை உரத்தவற்றுக்கு நிகராக ஏற்றி நசுக்கினாரா என்பதெல்லாம் காதில் தெளிவாகத் தெரியும். அந்தக் கைவண்ணம் சிடி தரத்திலும் அப்படியே இருக்கும். நீங்களே பார்க்கலாம். ஒரே ரீமாஸ்டரை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, இரண்டின் ஒலியளவையும் சமமாக வையுங்கள். சற்றே உரத்தது எப்போதும் நல்லதாகத் தோன்றும். எது எதுவென்று சொல்லாமல் தம்பியையோ மகளையோ 16 முறை போடச் சொல்லுங்கள். 12 முறையாவது சரியாகச் சொன்னால் உங்கள் காதை நம்பலாம்.

24 பிட் வீண் என்று இதற்குப் பொருளல்ல. பதிவு செய்யும்போது அது பெரிய உதவி. உங்கள் வீட்டு அலமாரியில் தோட்டத்துக் கோயில் திருவிழாவோ தாத்தாவின் குரலோ பதிந்த கேசட் ஒன்று கிடக்கலாம். பிங்க் ஃபிளாய்டின் மூல நாடாவைப் பாதுகாக்க ஆள் இருக்கிறது. உங்கள் கேசட்டுக்கு வேறு பிரதி கிடையாது. நம் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தெரிந்தால் போட்டுப் பார்க்காதீர்கள். கருவிக்குள் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கணினிக்கு மாற்றும்போது, ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான அனைத்துலகச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவான 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒலியளவைச் சற்றுத் தாழ்த்தியே வைக்கலாம். திடீரென உறுமி உரக்க ஒலித்தாலும் சிதறாது, பின்னர் ஏற்றிக்கொண்டால் இரைச்சலும் கூடாது. கேட்பதற்கு மட்டும் 16 பிட் பிரதி ஒன்றைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள்.