பழைய கெப் வாகனங்களும் டேர்போ டீசல் எஞ்சின் மாற்றமும்

2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டு காலத்தில், இந்நாட்டின் சிறு வியாபாரிகளும் விவசாயிகளும் மீனவர்களும் தமது பழைய வாகனங்களை எப்படியாவது ஓட்டியாக வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகினர். தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய கெப் ஒன்றின் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. எனவே, உடல் உறுதியாகவும் எஞ்சின் தேய்ந்தும் போன 1990களின் கெப் வாகனங்களுக்கு, ஜப்பானில் கழற்றப்பட்டு இங்கு வந்து சேரும் பாவித்த டேர்போ டீசல் எஞ்சின்களைப் பொருத்தும் வழக்கம் ஊரெங்கும் காணப்படுகின்றது. இது தடைக்கு முன்பே இருந்த வழக்கந்தான். பஞ்சிகாவத்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆயினும், இவ்வாறு மாற்றப்பட்ட எஞ்சின்களில் பல ஓரிரு ஆண்டுகள்கூடத் தாக்குப் பிடிப்பதில்லை. "வாங்கிய எஞ்சின் சரியில்லை" என்பதே வழமையான தீர்ப்பு. அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

மன்னாரில் மீன் வியாபாரம் செய்யும் நண்பரொருவரின் அனுபவத்தை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். அவரிடமிருந்த ஹைலக்ஸ் கெப்பில் 2446 கன சென்ரி மீற்றர் கொள்ளளவுடைய, டேர்போ இல்லாத 2எல் எஞ்சின் இருந்தது. அது ஒயிலைக் குடிக்கத் தொடங்கியதும், கடன்பட்டு 2982 கன சென்ரி மீற்றர் கொள்ளளவுடைய 1கேஇஸட் டேர்போ எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். இழுவைச் சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. மூன்று மாதங்கள் மகிழ்ச்சியாகக் கழிந்தன. ஒரு நாள் நுவரெலியாவுக்கு மீன் ஏற்றிச் சென்றபோது றம்பொடை ஏற்றத்தில் வெண்புகை கிளம்பி வாகனம் நின்றது. சிலிண்டர் ஹெட் வெடித்திருந்தது. பனிக்கட்டி உருகி மீனும் பழுதாகியது. கடனோ அப்படியே இருந்தது.

விற்றவர் பொருத்தியவரைக் குற்றஞ் சாட்டினார். பொருத்தியவர் விற்றவரைக் குற்றஞ் சாட்டினார். இறுதியில் வாகனத்தைப் பார்வையிட்ட கம்பளையைச் சேர்ந்த முதியவரொருவர், அப்பகுதியில் எல்லோரும் 'நானா' என்றழைக்கும் மெக்கானிக், சொன்னது இதுதான்: "எஞ்சின்ல பிழையில்ல தம்பி. பழைய எஞ்சின்ட ரேடியேற்றரத்தான் இதுக்கும் வெச்சிருக்காங்க. சூடு எங்க போறது?"

ஒரு டீசல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் வாகனத்தை ஓட்டப் பயன்படுகின்றது. எஞ்சியது வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேற்றர் வழியாகவும் வெளியேற வேண்டும். சக்தி கூடினால் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடும். சமவெளியில், அதிகாலையில், அரைப் பாரத்துடன் ஓடும்போது பழைய ரேடியேற்றர் ஒருவாறு சமாளித்துவிடும். மலையேற்றத்தில் முழுப் பாரத்துடன் குறைந்த கியரில் அரை மணித்தியாலம் ஏறும்போதுதான் அதன் இயலாமை வெளிப்படும். வார்ப்பிரும்பு எஞ்சின் உடலின் மேல் அலுமினிய ஹெட் அமர்ந்திருக்கும் இவ்வகை எஞ்சின்கள் அதிவெப்பத்தை மன்னிப்பதில்லை.

வெப்பம் ஏறுவதை நண்பர் ஏன் கவனிக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். மானியின் முள் இறுதிவரை நடுவிலேயே நின்றது. புதிய எஞ்சினிலுள்ள வெப்ப உணரியும் பழைய டாஷ்போர்டிலுள்ள மானியும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒன்று சொல்வதை மற்றொன்று வேறாகப் புரிந்துகொள்ளும். எஞ்சின் மாற்றியவர்கள் செய்ய வேண்டிய முதற் காரியம், தனக்கென உணரியுடன் வரும் வெப்பமானி ஒன்றைத் தனியாகப் பொருத்துவதாகும். ஒரு ஹெட்டின் விலையோடு ஒப்பிடுகையில் அதன் செலவு அற்பமானது.

ரேடியேற்றரைப் புதிய எஞ்சினுக்குரிய அளவில் மாற்றுவது அடுத்தது. விசிறியைச் சுற்றியுள்ள உறை இல்லாமலே பல கெப்கள் ஓடுகின்றன. எஞ்சினை மாற்றும்போது இடைஞ்சலாக இருந்ததென்று கழற்றியது மீண்டும் பூட்டப்படுவதில்லை. உறையில்லாத விசிறி, காற்றை ரேடியேற்றரினூடாக இழுக்காமல் தன்னைச் சுற்றியே சுழற்றும். விசிறியின் திரவ இணைப்பையும் சோதிக்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடான நிலையில் அதனை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுழற்றும்போது தடையின்றித் தாராளமாகச் சுழலுமாயின் அவ்விணைப்பு பழுதடைந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

சூடேறினால் தேர்மொஸ்டற்றைக் கழற்றி எறிவது நம்மிடையே பரவலாகக் காணப்படும் வைத்தியம். இது நோயைக் கூட்டும் வைத்தியமாகும். இவ்வகை எஞ்சின்களில் தேர்மொஸ்டற் சூடானதும் ரேடியேற்றர் பாதையைத் திறப்பதோடு, ரேடியேற்றரைச் சுற்றிச் செல்லும் குறுக்குப் பாதையை மூடவும் செய்கின்றது. அதனை அகற்றினால் சுடுநீரின் ஒரு பகுதி குளிராமலே எஞ்சினுக்குத் திரும்பும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அங்கு கேத்திலில் படியும் வெண்படிவை அறியாதவர் இல்லை. அதே படிவுதான் ரேடியேற்றரின் நுண்குழாய்களிலும் எஞ்சினின் நீர்ப் பாதைகளிலும் படிகின்றது. வடிநீருடன் கூலன்டைப் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புவதே முறையானது. குளிர்நாடுகளில்தான் கூலன்ட் தேவை என்ற எண்ணம் தவறு. அது கொதிநிலையை உயர்த்துகின்றது, துருவையும் தடுக்கின்றது.

ஹெட் வெடிப்பதற்கு முன் எச்சரிக்கை தராமல் இருப்பதில்லை. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றர் குழாய் விறைப்பாக இருத்தல், எங்கும் கசிவின்றி நீர்மட்டம் குறைதல், எஞ்சின் ஓடும்போது நீரில் தொடர்ச்சியாகக் குமிழிகள் எழுதல் ஆகியன எரிவாயு நீர்ப் பாதைக்குள் நுழைகின்றது என்பதற்கான அறிகுறிகள். ரேடியேற்றர் வாயிலில் வைத்துச் சோதிக்கும் நீலநிறத் திரவம் நிறம் மாறினால் ஐயம் தீர்ந்துவிடும். இந்நிலையில் வாகனத்தை மலையேற்றுவது விஷப்பரீட்சை.

டேர்போவின் கதை வேறு. புகைவாயுவின் வேகத்தால் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் அதன் தண்டு, ஒயில் படலத்தின் மீது மிதந்தவாறே இயங்குகின்றது. ஆகவே, இத்தகைய பாவித்த எஞ்சின்களில் ஐயாயிரம் கிலோ மீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றுவதில் கஞ்சத்தனம் ஆகாது. ஏற்றமொன்றைக் கடந்து வந்து நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பிவிடாமல், ஓரிரு நிமிடங்கள் எஞ்சினை வெறுமனே ஓடவிட வேண்டும். இல்லையேல் கொதிக்கும் டேர்போவினுள் தேங்கிய ஒயில் கரியாகிவிடும்.

எஞ்சின் மாற்றத்தின்போது டேர்போவிலிருந்து ஒயில் திரும்பி வடியும் குழாய் வளைந்து நெளிந்து போவதுண்டு. அக்குழாய் அகலமாகவும், எங்கும் மேடாகாமல் கீழ்நோக்கியும் இருத்தல் வேண்டும். வடிகால் தடைப்பட்டால் ஒயில் வேறு வழியின்றிப் புகைக்குழாய்க்குள் கசிந்து நீலப்புகையாக வெளிவரும். உடனே டேர்போ பழுதென்று புதியது வாங்கிப் போடுவார்கள். புதியதும் அதே நீலப்புகையைக் கக்கும்.

கரும்புகை, எரிபொருளுக்குப் போதிய காற்றில்லை என்பதைக் காட்டுகின்றது. பம்பைத் திருகுவதற்கு முன் காற்று வடிகட்டியையும், டேர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான இறப்பர்க் குழாய்களையும் பார்க்க வேண்டும். குழாயின் அடிப்புறத்திலுள்ள வெடிப்பு பெரும்பாலும் கண்ணில் படாது. மேலும், வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனை நெருங்கும்போது மட்டும் பம்பைக் குறைத்து, பின்னர் கூட்டிக்கொள்ளும் தந்திரம் சோதனையை வெல்லுமே தவிர எஞ்சினைக் காப்பாற்றாது.

காலையில் இலகுவில் இயங்காத எஞ்சினை, பற்றரியின் குறையென்று பலர் கருதுகின்றனர். டீசல் குழாயில் எங்கோ காற்று புகுவதும் சமமான காரணமாகும். பம்புக்கு முன்னால் ஓரடி நீளத்துக்கு ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது நாம் கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமித்து வைத்த காலத்தை மறந்திருக்க மாட்டோம். அவ்வாறு சேமித்த டீசலில் நீர் கலந்தது, மண்ணெண்ணெயும் கலந்தது. இப்பம்புகளுக்கு மசகு எண்ணெய் தனியாக இல்லை, டீசலே மசகு. நீர்பிரிப்பானின் அடியிலுள்ள திருகாணியை மாதம் ஒருமுறை திறந்து வடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை.

மின்னிணைப்புக்களே பலரும் அஞ்சும் பகுதி. பம்பை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்கும் எஞ்சின்களில் எச்சரிக்கை விளக்கைப் பழைய டாஷ்போர்டில் இணைக்காமலே விட்டுவிடுகிறார்கள். அவ்விளக்கு இருந்தால், சோதனை முனைகள் இரண்டைக் கம்பியால் இணைத்தவுடன் அது மின்னி மின்னிப் பழுதின் குறியீட்டைச் சொல்லிவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துப் பணத்தைத் தொலைக்க வேண்டியதுதான். எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் பற்றரிக்கும் இடையிலான புவித்தொடுப்புக் கம்பிகளைச் சுத்தஞ் செய்தாலே தீர்ந்துவிடும் கோளாறுகளும் உள.

டைமிங் பெல்ட்டை மறந்துவிடக் கூடாது. 1கேஇஸட் எஞ்சினுடன் ஜப்பானில் ஓடிய வாகனத்தில், ஒரு இலட்சம் கிலோ மீற்றரில் அதனை மாற்றுமாறு நினைவூட்டும் விளக்கு உண்டு. நமது கெப்பில் அவ்விளக்கு இல்லை. கிலோ மீற்றர்க் கணக்கும் பழைய எஞ்சினுடையது. ஆகவே பெல்ட்டின் வயதை எவரும் அறியார். எஞ்சின் வெளியே இருக்கும்போதே, வாகனத்தில் பூட்டுவதற்கு முன், அதனை மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும்.

கிளட்ச், பிரேக் ஆகியனவும் பழைய சக்திக்கே அளக்கப்பட்டவை என்பதை இங்கு சுட்டிக்காட்டுவது போதுமானது.

இறுதியாக, ஆவணங்கள். வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் குறிப்பிடப்பட்டிருக்கின்றது. எஞ்சினை மாற்றியவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைப் பதிவு செய்தாக வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும், அது முறைப்படி இறக்குமதியானது என்பதற்கான சுங்கப் பத்திரத்தின் பிரதியும் கையில் இருத்தல் அவசியம். பணத்தைக் கொடுக்குமுன்பே இவற்றைக் கேட்டுப் பெறாவிட்டால், பின்னர் விற்றவரைத் தேடி அலைய நேரிடும். மன்னார் நண்பர் முதல் எஞ்சினைப் பதிவு செய்யாமலே மூன்று மாதங்கள் ஓட்டியிருந்தார். இரண்டாவது எஞ்சினை வாங்கச் சென்றபோது, அதன் இலக்கத்தைத் தாமே டோர்ச் வெளிச்சத்தில் வாசித்துப் பத்திரத்துடன் ஒப்பிட்ட பின்னரே முற்பணம் கொடுத்தார். புதிய ரேடியேற்றரையும் தனி வெப்பமானியையும் கம்பளை நானாவே பூட்டிக் கொடுத்தார்.