உங்களுக்குத் தெரியுமா? ரஷ்ய மொழியில் வீதி பெண், மழை ஆண்!

கிளிநொச்சியில் நல்ல மழை, ஏ9 நல்ல வீதி, நல்ல யன்னல், நல்ல பிள்ளைகள். தமிழில் 'நல்ல' அசையாமல் நிற்கிறது. ரஷ்ய மொழியில் அது நடக்காது. மழை ஆண்பால், ஆகவே 'ஹரோஷி'. வீதி பெண்பால், 'ஹரோஷயா'. யன்னல் இரண்டுமில்லை, 'ஹரோஷெயெ'. பன்மைக்கு 'ஹரோஷியெ'. நமக்கு உயிரற்றவை எல்லாம் அஃறிணை. அங்கே மேசையும் ஆண், புத்தகமும் பெண்! பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பார்த்தே பால் அறியலாம் என்பது ஓர் ஆறுதல்.

வேற்றுமை வந்தால் பெயரோடு அடையும் மாறும். 'நல்ல வீதியைப் பார்த்தேன்' என்னும்போது நாம் வீதிக்கு மட்டும் 'ஐ' சேர்க்கிறோம். ரஷ்யர் 'நல்ல'வையும் 'ஹரோஷுயு' ஆக்கிவிடுவர். ஆறு வேற்றுமைகளிலும் இதே கதைதான்.

சுகம் விசாரித்தால் கவனம் தேவை. 'ஹரஷோ' என்றால் 'நல்லா இருக்கிறன்'. அதற்குப் பதில் 'யா ஹரோஷி' என்றால், 'நான் நல்லவன்' என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்ததாகும்!

1960இல் மொஸ்கோவில் தொடங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களில் பலர் தம் துறைப் பாடத்துக்கு முன் இந்த ரஷ்ய மொழியைத்தான் படிக்கிறார்கள். அதே 1960இல் பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதியும் மொஸ்கோவிலேயே வெளியானது.