உயிரோடிருந்தால் போதுமா?

வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ஜீப்ரா மீன், கங்கைச் சமவெளியின் ஓடைகளுக்குச் சொந்தமானது. அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே, ஒளி ஊடுருவும் முட்டைக்குள் வளர்கிறது. நுண்ணோக்கியில் வைத்தால் சுமார் ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். மூன்றாம் நாளுக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். மருந்தோ நஞ்சோ கருவை என்ன செய்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் இந்த மீனைத் தேடிப்போவது அதனால்தான்.

இந்த மீனின் கரு காட்டிய ஒன்றைச் சொல்லுமுன் டி.என்.ஏ. பற்றிக் கொஞ்சம். அது எப்போதும் முறுக்கிய இரட்டை இழையாகவே இருப்பதில்லை. குவானின் என்ற அதன் கூறு நெருங்கி வரும் இடங்களில் நான்கு குவானின்கள் சதுரமாகப் பிணையும். சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். நடுவில் பொட்டாசியம் அயனி அமர்ந்து அவற்றை இறுக்கிப் பிடிக்கும். இந்த முடிச்சுக்கு ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்று பெயர். சென்னையில் பிறந்த, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சங்கர் பாலசுப்பிரமணியனின் குழு 2013-இல் இதை மனிதச் செல்லுக்குள்ளேயே காட்டியது. முடிச்சைப் பற்றிக்கொண்டு அவிழவிடாத பிரிடோஸ்டாட்டின் என்ற சிறு மூலக்கூறும் அவர்கள் உருவாக்கியதே.

கருவில் இந்த முடிச்சுக்கு என்ன வேலை? அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகர ஆய்வாளர்கள் 2016-இல் இதற்கு விடை தந்தார்கள். ஜீப்ரா மீனின் மூன்று வளர்ச்சி மரபணுக்களுக்கு அருகே முடிச்சு விழாதபடி, அதற்கென்று வடிவமைத்த குறு இழைகளைக் கருவுக்குள் செலுத்தினார்கள். அந்த மரபணுக்களின் செயல்பாடு குறைந்தது. கரு பிழைபட வளர்ந்தது. முடிச்சு விழாவிட்டாலும் கேடு. விழுந்தது அவிழாவிட்டாலும் கேடுதான்: பிரிடோஸ்டாட்டின் பட்ட மனிதச் செல்களில் டி.என்.ஏ. சிதைகிறது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய செம்மங்குப்பத்தில் இதைப் பேசக் காரணம் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடுமையாக மாசுபட்டவை என்று அறிவித்த தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. கழிவுநீருக்கான நம் விதியோ, அதில் விட்டு 96 மணி நேரத்துக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்கிறது. அங்கே எண்ணப்படுவது சாவு மட்டுமே. சாகாமல் தாடை கோணிய குஞ்சும், கண் சிறுத்த குஞ்சும் அந்தக் கணக்கில் தேறிவிடும்.

இங்குள்ள நீரில் டி.என்.ஏ. முடிச்சைப் பற்றும் பொருள் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்கிறேன். ஜீப்ரா கருவை அந்த நீரில் ஐந்து நாள் வளர்த்து, ஆல்சியன் நீலம் என்ற சாயத்தை ஏற்றினால் தாடைக் குருத்தெலும்பு நீலமாகத் தெரியும். அதற்கு ஒரு சாயமும் ஒரு நுண்ணோக்கியும் பொறுமையான கண்ணும் போதும்.