பெர்லில் பெயரில்லா உள்வகுப்பு

பெயரில்லா உள்வகுப்பு என்பது நிரலின் நடுவே, ஒரே ஒரு பொருளுக்காக, தனிப்பெயர் எதுவும் சூட்டாமல் உருவாக்கப்படும் வகுப்பாகும். ஜாவா மொழியில் இவ்வசதி 1997இல் வெளிவந்த 1.1 பதிப்பில் சேர்ந்தது. லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழியில் இதற்கெனத் தனித் தொடரமைப்பு இல்லை. ஆயினும் 1994இல் வந்த பெர்ல் 5இன் பொருள்நோக்கு அமைப்பு மிகவும் நெகிழ்வானது என்பதால், இதை நாமே கட்டிக்கொள்ளலாம்.

பெர்லில் வகுப்பு என்பது வெறும் பேக்கேஜ். செயற்கூறு என்பது அதிலுள்ள துணைநிரல். 'பிளெஸ்' என்னும் கட்டளை ஒரு தரவை ஒரு பேக்கேஜுடன் இணைத்தால் அது பொருளாகிறது. ஒருமுறை பிளெஸ் செய்த பொருளை மறுபடி வேறொரு பேக்கேஜுடன் இணைக்கவும் தடையில்லை. முழு உத்தியும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, திருநெல்வேலி மேலப்பாளையம் கால்நடைச் சந்தைக்கு நுழைவுக் கட்டணம் கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். 'கால்நடை' என்ற வகுப்பில் 'கட்டணம்' என்ற செயற்கூறு உள்ளது. கன்றோடு வந்த ஒரு பசுவுக்கு மட்டும் வழக்கமான கட்டணத்துடன் அதில் பாதியையும் கூட்ட வேண்டும். இதற்காக, எண்ணி ஒன்றைக் கூட்டி 'கால்நடை::பெயரிலி::1' போன்ற ஒரு பேக்கேஜ் பெயரை நிரலே உருவாக்குகிறது. (5.16 பதிப்பு முதல், யூடிஎஃப்-8 என அறிவித்துவிட்டால் பேக்கேஜுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம்.) அதன் 'ஐஎஸ்ஏ' அணியில் 'கால்நடை'யைச் சேர்த்தால் மரபுரிமம் கிடைக்கும். புதிய துணைநிரலைக் குறியீட்டு அட்டவணையில் 'கட்டணம்' என்ற பெயரில் பதிய வேண்டும். அந்த இரு வரிகளுக்கு மட்டும் 'ஸ்ட்ரிக்ட்' கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும். கடைசியாக அந்தப் பசுவைப் புதிய பேக்கேஜுக்கு மறு-பிளெஸ் செய்தால் வேலை முடிந்தது. மற்றக் கால்நடைகளுக்குப் பழைய கணக்கே தொடரும். ரூபி மொழி ஒரு பொருளுக்கென மறைவாக ஒரு வகுப்பை உருவாக்கித் தருவதும் இவ்வாறே.

மாணவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் 'சூப்பர்'. புதிய துணைநிரலுக்குள் தாய்வகுப்பின் கட்டணத்தைக் கேட்க 'சூப்பர்' என்று எழுதினால், பெர்ல் அப்பொருளின் வகுப்பிலிருந்து மேலே தேடுவதில்லை. அத்துணைநிரல் எந்தப் பேக்கேஜில் எழுதப்பட்டதோ, அதன் தாயைத் தேடுகிறது. அது பெரும்பாலும் 'மெயின்' ஆகவே இருக்கும். அங்கே தாய்வகுப்பு ஏது? நிரல் பிழை காட்டி நின்றுவிடும். 'கால்நடை::கட்டணம்' என்று முழுப்பெயர் சொல்லி அழைப்பதே எளிய வழி.

நினைவகக் கசிவு இதைவிடக் கமுக்கமான சிக்கல். பொருள் அழிந்த பின்னும் அதற்கென உருவான பேக்கேஜ் குறியீட்டு அட்டவணையில் தங்கிவிடும். சில நொடிகளில் முடியும் நிரலில் இது பொருட்டல்ல. நாள்கணக்கில் ஓடும் சர்வரில் ஆயிரக்கணக்கில் குவியும். துணைநிரல் ஒரு குளோசராக அந்தப் பசுவையே பிடித்து வைத்திருந்தால் பொருளும் அழியாது. ஆகவே பொருளை வெளியிலிருந்து பிடிக்காமல், அழைப்பின் முதல் உள்ளீடாக வருவதையே பயன்படுத்த வேண்டும். மூஸ் தொகுதியில் உருவாக்கும் பெயரில்லா வகுப்புகள், தேவை தீர்ந்ததும் தாமே நீங்கிவிடுகின்றன.

ஒரேயொரு செயற்கூறுதான் மாறுகிறது என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. துணைநிரலின் சுட்டைப் பொருளின் ஹாஷில் ஒரு புலமாக வைத்து, 'கட்டணம்' அதைப் பார்த்து அழைக்கும்படி எழுதிவிடலாம். ஆறு மாதம் கழித்து நிரலைத் திறப்பவருக்கும் அது உடனே புரியும்.